அம்மாவின் புடவை என்ன நிறம்

போன வாரம் இந்தப் பத்தியில் கொரட்டூர் ஏரிக்கரை நீர்க்கோழிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து தொடரத்தான் உட்கார்ந்தேன். கை நகரவில்லை. மனம் என்னைக் கேட்காமல் எழுந்து போய், அம்பத்தூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டது. இழுத்தாலும் வரவில்லை. சரி, நானும் அங்கேயே போகிறேன்.

அந்தப் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. லேமினேஷன் மெஷின் சூடேறும் பிளாஸ்டிக் வாடையும், மாதா படத்துக்கு முன்னால் எரியும் மெழுகுவத்தி வாடையும் கலந்து தொண்டையில் நிற்கும். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. ஒன்றில் ஸ்டுடியோ நடத்தும் ஆன்டனி. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். என்னை அக்கா என்பார், அப்பாவை நைனா என்பார், கம்ப்யூட்டரை மாமே என்பார். இன்னொரு நாற்காலியில் அப்பா. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

திரை முழுக்க அம்மாவின் முகம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கியிருந்தார் ஆன்டனி.

"பொடவை இன்னா கலர்னு மட்டும் சொல்லு நைனா. மாமே ரெண்டு நிமிசத்துல கட்டிவுட்ருவான்."

"நீலம்," என்றார் அப்பா. யோசிக்கவே இல்லை.

ஆன்டனி எதையோ தட்டினார். சாம்பலாகக் கிடந்த புடவையின் மடிப்புகளில் நீலம் மெல்ல இறங்கியது. நல்ல அழுத்தமான நீலம்.

அப்பா திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு பயம் இருந்தது.

"இது கறுப்பாகீதேப்பா," என்றார்.

மடியில் இருக்கும் குழந்தை

அந்தப் படத்தில் மூன்று பேர். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மருத்துவச் சலுகைக்காகக் குடும்பத்தோடு ஒரு போட்டோ வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்களாம். பூந்தமல்லிக்குப் பஸ் ஏறிப் போய் எடுத்தது. பின்னால் திரைச்சீலையில் யாருடைய மாளிகையோ, எங்கேயும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு. அப்பா விறைப்பாக நிற்கிறார். அம்மா நாற்காலியில். அவள் மடியில் நான், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு, கேமராவைப் பார்க்காமல் அம்மாவின் தோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து வந்த மழைக்காலத்தை அம்மா தாண்டவில்லை. மஞ்சள் காமாலை.

எனக்கு அம்மாவை நிறத்தில் தெரியாது. அந்த ஒரு படம்தான் எனக்கு அம்மா. கனவில் வந்தாலும் அப்படித்தான் வருவாள். செடி பச்சையாக இருக்கும், குடம் பித்தளையாக மின்னும், என் பாவாடைகூடச் சிவப்பாக இருக்கும். அவள் மட்டும் சாம்பலாக, வேறு ஏதோ வீட்டிலிருந்து தவறி வந்துவிட்டவள்போல நிற்பாள்.

வேலைக்குப் போன காலத்தில் காலை மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில்தான் ஏறுவேன். அம்பத்தூரில் ஒரு கூட்டம், பட்டரவாக்கத்தில் ஒரு கூட்டம். கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு புடவையாகப் பார்ப்பேன். அந்த இலைப்பச்சையை உரித்தெடுத்து அம்மாவுக்குக் கட்டுவேன். பொருந்தாது. கத்திரிப்பூ நிறத்தைக் கட்டுவேன். மாம்பழ மஞ்சளைக் கட்டுவேன். புடவைக்குச் சொந்தக்காரிகள் என்னை முறைப்பார்கள். இறங்கும்போது அம்மா மறுபடி சாம்பலாகிவிடுவாள்.

மஞ்சளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். மாங்காட்டு அம்மன் கோயில் வாசலில் வெள்ளிக்கிழமை நின்று பாருங்கள். கயிறு மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், பெண்களின் முகத்தில் மஞ்சள். கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்போம், புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் வைத்துக் கட்டுவோம். அந்த நிறம்தான் என் அம்மாவின் கண்ணில் முதலில் ஏறியது, பிறகு நகத்தில், பிறகு உள்ளங்கையில். அவளைக் கொண்டுபோனது மஞ்சள். ஆனால் எங்கள் வீட்டில் பழி விழுந்தது கறுப்பின் மேல்.

அத்தையின் தீர்ப்பு

பழியைப் போட்டது அத்தை. அப்பாவின் அக்கா.

கல்யாணமாகிப் போன சில வருடத்திலேயே கணவனை இழந்து, தம்பி வீட்டுக்குத் திரும்பியவள். அம்மா போன பிறகு என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எனக்குத் தலை வாரியவள், சீக்கு பார்த்தவள், பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் எழாது. ஆனால் அந்தப் போட்டோவை யாராவது கையில் எடுத்தால் போதும்.

"ஊட்டுக்கு வந்த பொண்ணு, கொழந்தைய மடியில வெச்சுகினு, கறுப்புப் பொடவை கட்டிகினு போய்ப் போட்டோ எடுத்தா வெளங்குமா? நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?"

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னாள். பிறகு என் காதுகுத்தில் சொன்னாள், என் கல்யாணத்தில் சொன்னாள். ஒரு சமயத்துக்குப் பிறகு உறவில் எல்லோருக்கும் அதுதான் கதை. கறுப்புப் புடவை கட்டினாள், போய்விட்டாள்.

படத்தைப் பார்த்தால் யாரும் மறுக்க முடியாது. அதில் அம்மாவின் புடவை கறுப்பாகத்தான் இருக்கிறது. புடவை சாட்சி சொல்ல வராது. புதுசாக இருந்தது அது ஒன்றுதான் என்பதால் அதையே போர்த்தி அம்மாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கறுப்பின் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. கார்த்திகை பிறந்தால் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் கறுப்பு வேட்டியில் திரிவார்கள். "சாமி" என்று கூப்பிட்டு வழி விடுவோம். அதே தெருவில் ஒரு பெண் நல்ல காரியத்துக்குக் கறுப்பில் வந்தால் பின்னாலேயே ஒரு முணுமுணுப்பு நடந்துவரும். குழந்தையைக் காப்பாற்றக் கன்னத்தில் வைப்பதும் கறுப்புதான். மடியில் இருந்த என்னைக் காத்த கறுப்பு, என்னை வைத்திருந்தவளை எப்படிக் கொன்றது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அத்தை என் வாயில் ஒரு உருண்டைச் சோற்றை வைத்து அடைத்தாள்.

அந்தப் புடவையை வாங்கி வந்தது அப்பா. அதுதான் விஷயம். அத்தை சொல்லும் ஒவ்வொரு முறையும் அது அப்பாவின் மேல்தான் போய் விழுந்தது. அவர் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இரும்பு நீலமாகும் நேரம்

அப்பா லேத்தில் வேலை பார்த்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கம்பெனி. சுழலும் இரும்பில் உளி பட்டால் சுருள் சுருளாகச் சீவல் விழும். முதலில் வெள்ளி நிறம். சூடு ஏற ஏற வைக்கோல் நிறம், அப்புறம் ஒரு செம்பழுப்பு, அப்புறம் ஊதா. அதற்கும் மேலே போனால் நீலம். மயில் கழுத்தில் பார்க்கிற நீலம். தண்ணீரை ஊற்றினாலும் அந்த நீலம் அழியாது.

எனக்கு விளையாட அந்தச் சுருள்களைக் கொண்டுவருவார். கையைக் கிழிக்கும் என்று அத்தை தூக்கி எறிவாள். அவர் அடுத்த நாளும் கொண்டுவருவார்.

அம்மாவைப் பற்றி அப்பா அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, மழை பெய்து கரண்ட் போயிருந்த ஒரு மாலையில், தானாகவே சொன்னார்.

"உங்கம்மா பொடவையே கேக்க மாட்டா. போட்டோ எடுக்கணும்னதும் கேட்டா. இன்னா கலரு வேணும்னேன். நான் கொண்டாந்து போட்ருந்த சுருள் ஒண்ணு ஜன்னல்ல கெடந்துச்சு. இந்தக் கலர்ல கெடச்சா வாங்கினு வான்னா. அந்தச் சுருள சட்டப்பையில போட்டுகினு கடைகடையா ஏறி எறங்குனேன். கடைக்காரன் சிரிச்சான்."

"கெடச்சுதாப்பா?"

"கெடச்சுது."

அதோடு முடித்துக்கொண்டார். நான் நம்பினேன். எனக்கு நம்ப ஏதாவது ஒரு நிறம் வேண்டியிருந்தது.

எல்லா அம்மாக்களுக்கும் ஒரே பட்டு

இப்போது ஆன்டனியின் பின்னறைக்குத் திரும்பலாம்.

எங்களை அங்கே கொண்டுவந்தது அப்பாவின் கண். இரண்டிலும் புரை நன்றாக முற்றிவிட்டது, வலது கண்ணில் முதலில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்குக் கத்தி என்றால் பயம். ஆவடியில் யாருக்கோ சரியாக வரவில்லை என்று வாக்கிங் போகும் இடத்தில் எவரோ ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"ஆபரேஷன் முடியட்டும்ப்பா. அப்புறமா கலர் போட்டுப் பார்க்கலாம்," என்றேன்.

"அப்புறம் கண்ணு இருக்கும்னு இன்னா கேரண்டி? அதுக்கு முன்ன ஒரு தடவ அவள கலர்ல பாத்துர்றேன். அக்காவுக்கும் காட்டிர்றேன். நீலம்னு அவளே தெரிஞ்சிக்கட்டும்."

அவர் இத்தனை வருடம் பேசாமல் வைத்திருந்த பதில் அது. அதைப் படமாகச் சட்டம் போட்டு அக்கா முன்னால் வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு.

ஆன்டனிக்கு இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற பழைய படத்தில் முகத்தை மட்டும் வெட்டி எடுப்பார். உடம்புகள் அவரிடம் தயாராக இருக்கின்றன. ஆண் என்றால் கோட்டு சூட்டு. பெண் என்றால் பச்சைக் கரை போட்ட அரக்குப் பட்டு, கழுத்தில் காசுமாலை. முதல் நாள் என் அம்மாவையும் அந்தப் பட்டுக்குள் இறக்கிக் காட்டினார். வெளியே வந்தால் பஸ் ஸ்டாப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். யாரோ ஒரு அம்மாள், அதே அரக்குப் பட்டு, அதே காசுமாலை. அடுத்த கம்பத்தில் இன்னொருத்தர்.

திரும்பி உள்ளே போய்க் கேட்டேன்.

"இன்னாக்கா பண்றது? ஜனங்க அதத்தான் கேக்கறாங்க. உசுரோட இருந்தப்ப வாங்கிக் குடுக்காதவன்தான் பட்டு போடுன்றான்," என்றார். "எங்க சர்ச்சு கல்யாணத்துக்கு வெள்ளப் பொடவை எடுக்கறேன். உங்காளுங்க வந்து ஐயையோ வெள்ளையான்றாங்க. அவங்க ஊட்டு சாவுக்கும் அதே வெள்ளதான் போடறேன். மாமேகிட்ட வெள்ளைக்கு ஒரே பட்டன்தான்."

பட்டு வேண்டாம், இருக்கிற புடவைக்கே நிறம் கொடுங்கள் என்று சொன்ன பிறகுதான் அந்த நீலம் வந்தது. அதைத்தான் அப்பா கறுப்பு என்றார்.

"நைனா, இது நீலம். அக்காவ வேணா கேளு."

"நீலம்தாம்ப்பா," என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு இன்னாம்மா தெரியும்? நீ பாத்தியா?"

நான் பார்த்திருக்கிறேன். அவள் மடியில், அந்தப் புடவையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஞாபகத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

"இன்னும் ஏத்து," என்றார் அப்பா.

ஆன்டனி ஏற்றினார்.

"இன்னும்."

"நைனா, இது தண்ணி ட்ரம்மு கலராயிருச்சு."

"ஏத்துப்பா. கறுப்பாவேகீது."

தன் அக்கா சொன்னதுதான் நிஜமோ, தான்தான் இத்தனை வருடமும் நீலம் என்று நினைத்து ஏமாந்துகொண்டிருந்தோமோ என்று அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். தன் கண்ணைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டார்.

கடைசியில் திரையில் ஒரு நீலம் எரிந்தது. காலண்டர் கிருஷ்ணனின் நீலம். அப்பா பெருமூச்சு விட்டார்.

"ம். இது நீலம். மூஞ்சியும் சரியாகீது. சட்டம் போட்டுக் குடு."

ஒரு கண்ணில் டீ

ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனவர், அடுப்பின் முன்னால் அசையாமல் நின்றார். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா இது, நெருப்பு நீலமா எரியுது?"

"கேஸ் அடுப்பு அப்படித்தாம்ப்பா எரியும்."

"எப்பயிலேர்ந்து?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. எத்தனை வருடமாக இந்த அடுப்பில் டீ போட்டுக் குடிக்கிறார்.

அன்று முழுக்க வீட்டைச் சுற்றி வந்தார். பால்கனியில் நின்று வலது கண்ணை மூடிப் பார்ப்பார், இடது கண்ணை மூடிப் பார்ப்பார். "இந்தக் கண்ணுல வானம் வானமாகீது. அந்தக் கண்ணுல யாரோ டீய ஊத்திவுட்ட மாரிகீது," என்றார். பக்கத்து வீட்டுக் கதவை, பிளாஸ்டிக் பக்கெட்டை, தினத்தாள் மூலையில் இருக்கிற விளம்பரத்தை, எதையெதையோ கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாவின் படம் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் அவர் போகாதபடி நான் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அந்தச் சுவருக்கு வந்துவிட்டார்.

வெகுநேரம் நின்றார். இடது கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரும்மா இந்தப் பொண்ணு?"

புடவை கண்ணைக் குத்தும் நீலம். அதைவிட மோசம் முகம். ஆன்டனி தன் வழக்கப்படி யாரும் கேட்காமலே முகத்தை ரோஜாவாக்கியிருந்தார். புரை விழுந்த கண்ணுக்கு அந்த ரோஜா மங்கிப் பழுப்பாகத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அன்று முகம் சரி என்றிருக்கிறார். இப்போது பார்த்தால் சுவரில் இருப்பது யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பெண்.

நம்முடைய பேச்சைக் கவனியுங்கள். பெண் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் "பொண்ணு கலரா?" என்றுதான் கேட்போம். கலர் என்றால் வெளுப்பு. மற்றவர்களுக்கு நிறமே இல்லை என்று அர்த்தமா? மாநிறம் என்று ஒன்று சொல்லிச் சமாளிப்போம். அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு "களையா இருப்பா" என்று ஒரு ஆறுதல். என் அம்மாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "களையா இருப்பா" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு கறுப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வா, அந்த ஆளுகிட்டப் போலாம்," என்றார் அப்பா.

"கண்ணுல தூசி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"கண்ணாடி போட்டுக்கறேன். வா."

கையை நீட்டு

ஆன்டனி கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னா நைனா, கூலிங் கிளாஸ்லாம் போட்டுகினு ஹீரோ கணக்கா வர்ற," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"பொடவைய எறக்கு."

ட்ரம் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்குப் போயிற்று. முதல் நாள் வந்த அந்த அழுத்தமான நீலத்தையும் தாண்டி இறங்கி ஓர் இடத்தில் நின்றது. மடிப்பின் உள்ளே கறுப்பாகவும், மடிப்பின் முதுகில் ஒளி படும் இடத்தில் மட்டும் மயிலாகவும்.

"அங்கியே நிறுத்து." அப்பா திரையில் விரலை வைத்தார். "சுருளு. அந்தச் சுருளேதான்."

"இப்ப மூஞ்சிய எறக்கு."

ஆன்டனி ஒரு துளி இறக்கினார். அப்பா தலையாட்டவில்லை. இன்னொரு துளி. இன்னொன்று. ஆன்டனியின் கை தயங்கியது.

"நைனா, இதுக்கு மேல போனா நல்லா இருக்காது. உங்க ஊட்டு ஆளுங்களே வந்து என்னத் திட்டுவாங்க. போட்டோல யாருமே இவ்ளோ கறுப்பு போட மாட்டாங்க."

"போட மாட்டாங்கதான். அவ அப்படித்தான் இருந்தா."

"எவ்ளோ எறக்கட்டும், சொல்லு. நான் பாத்தது கெடையாதே."

அப்பா யோசித்தார். திரையைப் பார்த்தார், எழுந்து நின்று என்னைப் பார்த்தார். ஏதோ தொலைத்ததைத் தேடுகிறவர்போல என் முகத்தில் அவர் கண் அலைந்தது. புதிய கண்.

"கைய நீட்டும்மா," என்றார்.

புரியாமல் நீட்டினேன். என் முழங்கையைப் பிடித்து, மேஜை விளக்கின் கீழே, திரையை ஒட்டி வைத்தார். உள்பக்கத்தைத் திருப்பி, வெயில் படாத இடமாகப் பார்த்து விரலை வைத்தார்.

"இது. இதப் போடு."

ஆன்டனி செல்லை எடுத்து என் கையைப் படம் பிடித்தார். அந்தப் படத்திலிருந்து ஒரு சொட்டு நிறத்தை எடுத்து அம்மாவின் நெற்றியில் வைத்தார். அது கன்னத்துக்கு இறங்கியது, கழுத்துக்குப் போனது, என்னைச் சுற்றியிருந்த கைகளுக்குப் பரவியது. பிறகு கேட்காமலே மடியில் இருந்த குழந்தைக்கும் அதையே போட்டார்.

நான் எவ்வளவு ரயில்களில் ஏறி இறங்கினேன். எத்தனை பேருடைய புடவையைப் பார்த்து முறைப்பை வாங்கிக்கொண்டேன். அந்த நிறம் என் மணிக்கட்டுக்கு மேலே, வளையல் ஏறும் இடத்தில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

"இப்பதான் சரசு," என்றார் அப்பா. அம்மாவின் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

அத்தை வந்தாள்

மாங்காட்டில் எங்கள் பழைய வீட்டிலேயே தங்கிவிட்ட அத்தை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் கண்ணைப் பார்க்க வந்தாள். ஆட்டோவில் ஏறி இறங்குவதற்கே அவளுக்கு இரண்டு பேர் வேண்டும். ஆனால் வாய்க்கு யாரும் வேண்டாம்.

"இன்னாடா, ஒத்தக் கண்ணுல ஊரையே பாக்கறியாமே?"

"பாக்கறேங்கா. நீ ஒக்காரு."

அவளை அந்தச் சுவருக்கு எதிரில் உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் காபி டம்ளரோடு வாசல்படியில் நின்றுவிட்டேன்.

அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"கலர் போட்டும் கறுப்பாத்தான்டா கீது," என்றாள்.

"ஆமாங்கா," என்றார் அப்பா. அவர் குரல் உயரவில்லை. "அவ கறுப்பு. பொடவை நீலம்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அத்தையின் சேலையைப் பார்த்தேன். கரை இல்லாத, துவைத்துத் துவைத்து வெள்ளையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் போன சேலை. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அவள் உடம்பில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்து ஒரு நாளும் ஒன்றும் நினைத்ததும் இல்லை.

"நீலந்தான்," என்றாள் அத்தை. "எனக்குத் தெரியாதா? நீ பையப் பிரிச்சப்ப நானும் அங்கதானே நின்னுகினு இருந்தேன்."

அப்பா அவளைப் பார்த்தார்.

"எனக்கும் அப்ப சின்ன வயசுதான்டா."

இத்தனை வருடம் அப்பா ஒரு பதிலைச் சுமந்துகொண்டு திரிந்தார். சொல்லியும் விட்டார். மெல்ல அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கிழட்டு முழங்கால்களும் ஒட்டிக்கொண்டு இருந்தன. சுவரில் அம்மா நீலத்தில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு இன்னா கலருக்கா புடிக்கும்?" என்று கேட்டார் அப்பா.

அத்தை யோசித்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள், எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்தாள், மறுபடி தன் மடியைப் பார்த்துக்கொண்டாள்.

"மறந்துபோச்சுடா," என்றாள்.